எங்கள் அடுக்ககச் சங்கத்துக்கு: செவலைக்கு மூன்று மாதம் கொடுங்கள்

சங்கத் தலைவர் ஐயா, செயலாளர் அண்ணன், பொருளாளர் அக்கா, அப்புறம் நம் அடுக்ககத்தில் குடியிருக்கும் எல்லோருக்கும் வணக்கம்.

லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் அறிவிப்பைப் படித்தேன். வரும் ஞாயிற்றுக்கிழமை பொதுக்குழுவில், தெருவிலிருந்து கொண்டுவரும் நாய்களை அடுக்ககத்துக்குள் வளர்க்கக் கூடாது, ஏற்கெனவே வளர்ப்பவர்கள் எங்கிருந்து எடுத்தார்களோ அங்கேயே கொண்டுபோய் விட்டுவிட வேண்டும் என்று தீர்மானம் வரப்போகிறது. நம் அடுக்ககத்தில் தெருவிலிருந்து வந்த நாய் ஒன்றே ஒன்றுதான். எங்கள் வீட்டுச் செவலை. அதனால் தீர்மானம் யாரைப் பற்றியது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

கூட்டத்தில் எழுந்து பேச ஐந்து நிமிடம் கிடைக்கும். ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை இது, அதனால்தான் எழுதுகிறேன். பொதுவில் எழுதுவதற்கும் காரணம் உண்டு. அண்ணா நகர், கே.கே. நகர், விளாங்குடி என்று மதுரையில் எந்தப் பக்கத்து நண்பர்களிடம் பேசினாலும் இதே பேச்சு அவர்கள் குடியிருப்பிலும் ஓடிக்கொண்டிருக்கிறது. தெருநாய் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து இரண்டு மூன்று வாரத்தில் அக்கம்பக்கத்தின் நெருக்கடிக்காகத் திருப்பி விட்டவர்களும் அவர்களில் இருக்கிறார்கள்.

நான் கேட்பது ஒன்றுதான். தீர்மானத்தை மூன்று மாதம் தள்ளி வையுங்கள். ஏன் மூன்று மாதம் என்பதைத்தான் இந்தக் கடிதம் முழுக்கச் சொல்லப் போகிறேன்.

முதலில் புகார்கள். ராத்திரியில் குரைக்கிறது. பால் பாக்கெட் எடுக்க வந்த மூன்றாம் மாடிப் பெரியவரைப் பார்த்துக் குரைத்தது. வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த அக்காவைப் பார்த்தும் குரைத்தது. பிள்ளைகள் விளையாடுகிற இடத்தில் வெறிநோய் பயம். முதல் மூன்றும் நடந்தவை. நான்காவது, பிள்ளை பெற்ற யாருக்கும் வருகிற நியாயமான பயம். எதையும் மறுக்க நான் வரவில்லை. ஆனால் ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது, அந்தக் காரணம் தெரிந்தால் என்ன செய்யலாம் என்பதும் தெரியும்.

செவலை ரிங் ரோட்டில் வண்டி அடித்து, பின்னங்கால் ஒடிந்து கிடந்தது. அங்கே டீக்கடை வைத்திருக்கிற ஒருவர் சாக்கை விரித்து அதைப் படுக்க வைத்துவிட்டு, அடிபட்ட பிராணிகளைத் தூக்கிப் போய் வைத்தியம் பார்க்கிற பையன்களுக்குப் போன் செய்திருக்கிறார். தல்லாகுளம் கால்நடை மருத்துவமனையில் காலுக்குக் கட்டுப் போட்டார்கள். தேறிய பிறகு கருத்தடை ஆபரேஷன் நடந்தது, தடுப்பூசிகள் போட்டாயிற்று. கால் கூடும் வரை ஒரு கல்லூரி மாணவியின் வீட்டு மொட்டை மாடியில் இருந்துவிட்டு எங்களிடம் வந்தது. கால் கூடிவிட்டது, கொஞ்சம் சாய்த்துத்தான் நடக்கும். கருத்தடை ஆனதற்கு அடையாளமாகக் காதின் நுனியில் சிறிய வெட்டு இருக்கும், பக்கத்தில் பார்த்தால் தெரியும்.

வந்த புதிதில் அது எப்படி இருந்தது என்று உங்களில் யாரும் பார்க்கவில்லை. அது இருப்பதே பலருக்குத் தெரியாது, ஏனென்றால் அப்போது அது ஒரு தடவைகூடக் குரைக்கவில்லை. வாஷிங் மெஷினுக்குப் பின்னால் இருக்கிற சந்தில் போய்ச் சுருண்டுகொண்டது. தட்டை வைத்துவிட்டு விளக்கையெல்லாம் அணைத்து நாங்கள் படுத்த பிறகுதான் வந்து சாப்பிடும். டைல்ஸ் தரை என்றால் பயம். மண்ணிலும் தார் ரோட்டிலும் நடந்து பழகிய கால், வழுக்கும் தரையில் நிற்கத் தெரியாமல் நான்கு பக்கமும் விலகிப் போகும். அம்மா பழைய போர்வை, கோணி, கிழிந்த பெட்ஷீட் எல்லாவற்றையும் சந்திலிருந்து வாசல் வரை வரிசையாக விரித்து வைத்தார். துணி மேலேயே நடந்து வரும், துணி முடிகிற இடத்தில் நின்றுவிடும். குக்கர் விசில் அடித்தால் உடம்பு நடுங்கும். விளக்குமாற்றைக் கையில் எடுத்தால் நின்ற இடத்திலேயே ஒன்றுக்குப் போய்விடும்.

என் மகளுக்கு அதைக் கட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று துடிப்பு. அம்மாதான் விடவில்லை. "அது பாட்டுக்கு இருக்கட்டும்டி, நீ ஒன் வேலையப் பாரு. அதுக்கா தோணுறப்ப வரும்." புது நாய்களோடு பழகியவர்கள் எல்லோரும் சொல்வதும் அதுதான். தேடிப் போகக் கூடாது, கண்ணுக்குள் உற்றுப் பார்க்கக் கூடாது, தலைக்கு மேலே இருந்து கையை நீட்டக் கூடாது. நாமும் தரையில், முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார வேண்டும். அது மோந்து பார்க்க வந்தால் வரட்டும். மகள் அந்தச் சந்துக்குச் சற்றுத் தள்ளி உட்கார்ந்து தன் வீட்டுப் பாடத்தைச் சத்தமாகப் படித்தாள். அவள் குரல் ஆபத்தில்லாதது என்று நாய்க்குப் புரிய வேண்டும், அவ்வளவுதான். பிறகு ஒருநாள் சாயங்காலம் அவள் முழங்கால் பக்கம் மூக்கு வந்தது. அவள் படிப்பை நிறுத்தவே இல்லை.

நாய்களைத் தத்துக் கொடுப்பவர்கள் மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். முதல் மூன்று நாள் நாய் திகைப்பில் இருக்கும். சாப்பிடாது, ஒளிந்துகொள்ளும், அல்லது தூங்கிக்கொண்டே இருக்கும். மூன்று வாரத்தில் வீட்டின் நேரங்கள் பிடிபடும். யார் எப்போது வருவார்கள், சோறு எப்போது, வெளியே எப்போது என்று தெரியும். இதுதான் தன் இடம் என்ற நம்பிக்கை வர மூன்று மாதம் ஆகும். எல்லா நாய்க்கும் இது அச்சடித்த மாதிரிப் பொருந்தாது, அடி வாங்கிய நாய்க்கு இன்னும் கூடுதலாக ஆகலாம். ஆனால் அந்தக் கணக்கில் ஒரு விஷயம் இருக்கிறது, அதைச் சங்கம் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதல் சில நாள் நாய் பயத்தில் ஊமையாகக் கிடக்கும்போது எல்லோரும் "ரொம்ப சாது" என்பார்கள். அது உண்மையான குணம் இல்லை. கொஞ்சம் தைரியம் வந்த பிறகுதான் வாயைத் திறக்கும். அறிமுகமில்லாத ஆளைப் பார்த்தால் குரைக்கும், செருப்பைக் கடிக்கும், தட்டுப் பக்கம் போனால் உறுமும். சரியாக இந்தக் கட்டத்தில்தான் "ஆரம்பத்தில் நல்லாத்தான் இருந்துச்சு, இப்பக் கெட்டுப் போச்சு" என்று திருப்பி விட்டுவிடுகிறார்கள். நான் மேலே சொன்ன நண்பர்கள் வீட்டில் நடந்ததும் இதுதான். கெட்டுப் போகவில்லை. சந்துக்குள் ஒளிந்திருந்தது வெளியே வந்து, எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது என்று சொல்கிற அளவுக்குத் தேறியிருக்கிறது. உறுமுவதும் அப்படித்தான். கடிக்காமல் இருப்பதற்காக நாய் கொடுக்கிற எச்சரிக்கை அது. உறுமியதற்காக அடித்தால் எச்சரிக்கையை விட்டுவிடும், அடுத்த தடவை சொல்லாமலே கடிக்கும். நம் அறிவிப்பு செவலையைப் பற்றி எழுதப்பட்டது அது வாயைத் திறந்த இந்த வாரங்களில். ஒரு நாயை எடைபோட இதைவிட மோசமான நேரம் கிடையாது.

இப்போது பெரியவர் விஷயம். அவர் அதட்டவில்லை, விரட்டவில்லை. குனிந்தார், அவ்வளவுதான். கோலம் போட்ட அக்காவும் குனிந்துதான் இருந்தார். இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோது எங்களுக்குப் புரிந்தது. நம் ஊரில் தெருநாயை விரட்ட யாரும் நிஜமாகக் கல்லைத் தேட மாட்டார்கள். கீழே குனிந்தாலே போதும், நாய் ஓடிவிடும். சின்னப் பிள்ளைக்குக்கூட இது தெரியும். மனிதன் குனிந்தால் அடுத்தது கல் வரும் என்பது தெருவில் வளர்ந்த நாய்க்கு உடம்பில் ஏறிய பாடம். ஓட வழி இருந்தால் ஓடும். கழுத்தில் பெல்ட், பின்னால் சுவர் என்று வழி அடைபட்டிருந்தால் குரைக்கும். பெரியவரை அது வெறுக்கவில்லை, அவர் கையில் கல் இல்லை என்று அதற்கு இன்னும் தெரியவில்லை.

இதை மாற்ற முடியும், மாற்றிக்கொண்டும் இருக்கிறோம். கோலம் போடுகிற அக்காவுக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். புகார் சொன்னவரே இதற்கு உதவியும் செய்கிறார். காலையில் அவர் கோலம் போட வரும்போது நாங்கள் செவலையை கேட்டுக்கு அந்தப் பக்கம், அவரைப் பார்க்க முடிகிற, ஆனால் குரைக்கத் தோன்றாத தூரத்தில் நிறுத்துகிறோம். அவர் குனியும் ஒவ்வொரு தடவையும் அவித்த கோழி ஈரலில் ஒரு துண்டு அதன் வாய்க்குப் போகும். அவர் நிமிர்ந்தால் ஈரல் நின்றுவிடும். குனிவது என்றால் கல் என்பது போய், குனிவது என்றால் ஈரல் என்று ஆக வேண்டும். தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிறோம். அவசரப்பட்டால் பழைய இடத்துக்கே போய்விடும். இப்போது அவர் கோலப்பொடி டப்பாவோடு வெளியே வந்தாலே செவலை அவரைப் பார்த்துவிட்டு என் கையைப் பார்க்கிறது. மூன்றாம் மாடிப் பெரியவரும் சம்மதித்தால் அவரோடும் இதையே செய்ய ஆசை. அவர் எதையும் தொட வேண்டாம், பக்கத்தில் வர வேண்டாம், வழக்கம்போலப் பால் பாக்கெட்டை எடுத்தால் போதும்.

ராத்திரிக் குரைப்பு. தெருநாய் பகலில் நிழல் பார்த்துத் தூங்கும், ராத்திரியில் தெருவைக் காவல் காக்கும். அந்தப் பழக்கத்தோடுதான் இங்கே வந்தது. அதோடு எல்லாச் சத்தமும் அதற்குப் புதிது. லிஃப்ட் ஏறி இறங்குகிற சத்தம், தண்ணீர் மோட்டார், பின்னிரவில் வேலை முடிந்து வருகிற தம்பியின் புல்லட், வாட்ச்மேன் அண்ணன் ரவுண்டு வரும்போது தரையில் தட்டுகிற தடி. படுக்கையை ஹாலிலிருந்து அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் மாற்றினோம். பக்கத்தில் ஆள் மூச்சுக் கேட்டால் நாய்க்குத் தூக்கம் வரும். சாயங்காலம் நன்றாக நடக்க வைத்து, ராத்திரி ஒன்பதரைக்கு மேல் ஒரு தடவை வெளியே கூட்டிப் போய் வருகிறோம். குரைப்பு நன்றாகக் குறைந்திருக்கிறது என்பதை எங்கள் மாடிக்கு நேர் மேலே இருப்பவர்களே சொல்வார்கள். இன்னும் முழுக்க நிற்கவில்லை. வாட்ச்மேன் அண்ணன் எங்கள் பக்கம் வரும்போது மட்டும் தடியைத் தட்டாமல் வந்தால் மீதியும் சீக்கிரம் குறையும்.

வெறிநோய் பற்றிப் பேசாமல் போனால் இந்தக் கடிதத்துக்கு அர்த்தமே இல்லை. அது விளையாட்டான நோய் இல்லை. அறிகுறி தெரிய ஆரம்பித்துவிட்டால் பிழைப்பது கிட்டத்தட்டக் கிடையாது. மனிதர்களுக்கு அது வருவதில் 99 சதவீதம் வரை நாய்களால்தான். ஆனால் தடுப்பூசியால் முழுக்கத் தடுக்க முடிகிற நோயும் அதுவேதான். வெறிநோய் வருவது நாய் தெருவில் பிறந்ததால் அல்ல. நோயுள்ள ஒரு பிராணி அதைக் கடிக்க வேண்டும், இதற்குத் தடுப்பூசி இல்லாமலும் இருக்க வேண்டும். செவலைக்கு ஊசி போட்டாயிற்று, ஆண்டுதோறும் போடுவோம். மற்ற நாய்களோடு சண்டைக்குப் போகாமல் பெல்ட்டில் இருக்கிறது. பிள்ளைகளின் பாதுகாப்புதான் நம் கவலை என்றால், ஊசி போட்டு, கருத்தடை செய்து, ஒரு வீட்டின் பொறுப்பில் இருக்கிற நாயைவிடப் பாதுகாப்பான நாய் இந்தத் தெருவில் இல்லை. அதைத் திரும்பத் தெருவில் விட்டால் அடுத்த ஆண்டு ஊசி யார் போடுவார்கள்?

இதைச் சொல்லும்போதே, எல்லா வீட்டிலும் தெரிந்திருக்க வேண்டிய ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். செவலை என்று இல்லை, எந்த நாயோ பூனையோ குரங்கோ கடித்தாலும் பிறாண்டினாலும் உடனே குழாயைத் திறந்துவிட்டு, சோப்புப் போட்டு, ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மிளகாய்ப் பொடி, சுண்ணாம்பு, காபித் தூள், எருக்கம்பால் எதுவும் வைக்காதீர்கள். அன்றைக்கே அரசு ராஜாஜி மருத்துவமனைக்கோ பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போங்கள், ஊசி இலவசம். அரசு மருத்துவமனைகளில் தோலுக்குள் போடும் ஊசி 0, 3, 7, 28 என்ற நாள் கணக்கில் வரும். காயம் ஆறிவிட்டது என்று கடைசி ஊசியை விட்டுவிடக் கூடாது. தோல் கிழிந்து ரத்தம் வந்திருந்தால் காயத்துக்குள்ளும் சுற்றியும் போடும் மருந்து இன்னொன்று உண்டு, அதையும் கேட்டு வாங்குங்கள். சங்கம் எங்கள் நாயைப் பற்றி ஒட்டிய அறிவிப்புக்குப் பக்கத்தில் இந்த விவரத்தையும் ஒட்டினால் எல்லாப் பிள்ளைகளுக்கும் உபயோகம். எழுதித் தர நான் தயார்.

அப்புறம் சட்டம். நம் வாட்ஸ்ஆப் குழுவில் ஒருவர், கோர்ட்டே தெருநாய்களை அகற்றச் சொல்லிவிட்டது என்று போட்டிருந்தார். உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 11-இல் டெல்லிப் பகுதித் தெருநாய்களைப் பிடித்து காப்பகங்களில் அடைக்கச் சொன்னது உண்மை. ஆகஸ்ட் 22-இல் அதையே மாற்றியது. வெறிநோய் உள்ளவை, மூர்க்கமானவை தவிர மற்றவற்றைக் கருத்தடையும் தடுப்பூசியும் முடித்துப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்றது. அந்த உத்தரவிலேயே, தெருநாயைத் தத்தெடுக்க விரும்புகிறவர்கள் உள்ளாட்சி அமைப்பிடம் விண்ணப்பிக்கலாம், தத்தெடுத்த நாய் மறுபடி தெருவுக்குப் போகாமல் பார்த்துக்கொள்வது தத்தெடுத்தவரின் பொறுப்பு என்றும் இருக்கிறது. நவம்பர் 7-இல் வந்த உத்தரவு பள்ளிகள், மருத்துவமனைகள், பஸ் நிலையங்கள், ரயில் நிலையங்கள் போன்ற இடங்களிலிருந்து தெருநாய்களை அகற்றுவது பற்றியது. இவற்றில் எதுவும் ஒரு வீட்டுக்குள் பெல்ட் போட்டு வளர்க்கும் நாயை வெளியே விடச் சொல்லவில்லை. தத்தெடுத்ததைத் தெருவுக்குத் திரும்ப விடாதே என்பதுதான் நீதிமன்றத்தின் எண்ணம். எடுத்த இடத்திலேயே விடு என்கிறது நம் தீர்மானம். 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி, பட்டினியும் தாகமும் படும் நிலையில் ஒரு பிராணியைக் காரணமின்றிக் கைவிடுவது குற்றம். தீர்மானம் நிறைவேறி, அதன்படி நான் செய்தால், குற்றவாளி நான் ஆவேன்.

இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இருக்கிறது. குடியிருப்போர் சங்கங்கள் பெரும்பான்மை ஓட்டுப் போட்டாலும் வளர்ப்பு நாய்களுக்குத் தடை போட முடியாது, லிஃப்டில் ஏற்றக் கூடாது என்று சொல்ல முடியாது என்று அதில் தெளிவாக இருக்கிறது. ஊசி போடுவது, பொது இடத்தில் பெல்ட்டில் வைத்திருப்பது, அசுத்தம் செய்தால் அள்ளுவது ஆகிய கடமைகளை நாய் வளர்ப்பவர்களுக்கும் சொல்கிறது. அதையும் நான் முழுமனதாக ஏற்கிறேன். அந்த வாரியத்தின் முதல் தலைவர் ருக்மிணி தேவி அருண்டேல். 1960-ஆம் ஆண்டுச் சட்டம் வருவதற்கு நாடாளுமன்றத்தில் முதலில் குரல் எழுப்பியதும் அவர்தான். அவர் 1904-இல் பிறந்தது இதே மதுரையில். நாட்டுக்கே இந்த விஷயத்தில் வழி காட்டியவர் பிறந்த ஊரில் நாம் இருக்கிறோம் என்பது எனக்குப் பெருமையாக இருக்கிறது.

சட்டத்தைக் காட்டி யாரையும் மிரட்டுவது என் எண்ணம் இல்லை. கேஸ் போட்டு ஜெயித்து, பிறகு தினமும் மாடிப்படியில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் போவதில் எனக்கு என்ன கிடைக்கும்? செவலை இங்கே நிம்மதியாக இருக்க எனக்கு உத்தரவு போதாது, நீங்கள் வேண்டும்.

தீர்மானத்தில் என் மனதை உறுத்துவது "தெருவிலிருந்து கொண்டுவரும்" என்கிற சொற்கள். நம் அடுக்ககத்தில் லாப்ரடார் இருக்கிறது, இரண்டாம் மாடியில் பொமரேனியன் இருக்கிறது. இரண்டும் நல்ல பிள்ளைகள், அவற்றின் மேல் எனக்கும் பிரியம் உண்டு. ராத்திரியில் அவையும் குரைக்கின்றன. ஆனால் அவற்றை வாங்கிய விலை அவற்றுக்குப் பாதுகாப்பாக இருக்கிறது. செவலைக்கு விலை இல்லை. ஒரு பிராணி எங்கே பிறந்தது என்பதைப் பார்த்து உள்ளே விடுவதா வெளியே தள்ளுவதா என்று முடிவு செய்வது, யோசித்துப் பார்த்தால், நமக்கே பிடிக்காத ஒரு வழக்கம். மதுரை வெயிலுக்கு ஏற்ற உடம்பும் நாட்டு நாயுடையதுதான். குட்டை முடி, மெலிந்த உடல். சித்திரை மாதத்துப் பகலில் லாப்ரடார் ஏ.சி. இல்லாமல் படுகிற பாட்டை அதை வளர்ப்பவர்களே சொல்வார்கள்.

சரி, மூன்று மாதத்தில் நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்பீர்கள். பெரிய விஷயம் எதுவும் இல்லை.

எல்லாவற்றையும்விட முக்கியம் கேட்டில் இருக்கிற சின்னக் கதவு. அதைத் தாழ் போட்டு வையுங்கள். புது வீட்டுக்கு வந்த நாய்க்கு ஆரம்ப வாரங்களில் பெரிய ஆபத்து தொலைந்து போவதுதான். ஒரு வெடிச் சத்தம் கேட்டால் கண்மண் தெரியாமல் ஓடும். பழகிய நாய் திரும்பி வரும். புது நாய்க்கு எங்கே திரும்பி வருவது என்று தெரியாது, மெயின் ரோட்டில் போய் நிற்கும். செவலைக்குக் கழுத்துப் பட்டையோடு மார்பில் மாட்டும் ஹார்னஸும் போட்டிருக்கிறோம், பட்டையில் போன் நம்பர் இருக்கிறது. ஆனாலும் தாழ் போட்ட கதவுக்கு ஈடு இல்லை. நம் பிள்ளைகளுக்கும் அந்தக் கதவு மூடியிருப்பதுதான் நல்லது.

பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்: ஓடி வந்து தடவ வேண்டாம், சாப்பிடும்போதும் தூங்கும்போதும் பக்கத்தில் போக வேண்டாம். அது கொட்டாவி விட்டு உதட்டை நக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பினால், கொஞ்சம் தள்ளிப் போங்கள் என்று அர்த்தம். வாலைக் கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டால் அதற்கு நிஜமாகவே பயம். அது பின்னால் வந்தால் ஓடாமல், கையை மடக்கிக்கொண்டு மரம் மாதிரி நின்றால் மோந்து பார்த்துவிட்டுப் போய்விடும். பழக ஆசைப்படுகிற பிள்ளைகளை என் மகள் ஒவ்வொருவராகக் கூட்டிப் போய்ப் பழக்கிவிடுவாள். அவளுக்கு அதில் இப்போது எங்களைவிட நிதானம் அதிகம்.

பால்கனியிலிருந்து எதையும் போட வேண்டாம். அன்பாகத்தான் போடுகிறீர்கள், தெரியும். ஆனால் சமைத்த கோழி எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும். சாக்லேட்டும் திராட்சையும் நாய்க்கு விஷம். வெங்காயம் அதிகமானால் ரத்தம் கெடும். பிரியாணி மிச்சத்தில் எலும்பு, வெங்காயம் இரண்டும் இருக்கிறது. புது இடத்தில் வயிறு கெட்டால் வீட்டுக்குள்ளேயே அசுத்தம் செய்யும், அதுவே அடுத்த புகாராக வரும். ஏதாவது கொடுக்கத் தோன்றினால் எங்களிடம் கொடுங்கள். தோல் நீக்கி அவித்த கோழி, உப்புப் போடாத சோறு, அவித்த முட்டை என்றால் செவலை உங்களை மறக்காது.

தீபாவளி வரும். வெடிக்காதீர்கள் என்று சொல்ல மாட்டேன், பிள்ளைகளின் பண்டிகை அது. தமிழ்நாட்டில் காலை 6 முதல் 7 வரை, மாலை 7 முதல் 8 வரை என்று சில ஆண்டுகளாகவே நேரம் குறித்திருக்கிறார்கள். அந்த நேரத்துக்குள் வெடித்தால் முன்கூட்டியே நாங்கள் அதை உள்ளறையில் வைத்து, ஜன்னலைச் சாத்தி, ஃபேனையும் டிவியையும் சத்தமாக வைத்துச் சமாளித்துக்கொள்வோம். நேரம் தெரியாமல் வருகிற ஒற்றை வெடிதான் நாயை ஓட வைக்கும். துக்க வீட்டு வெடி, கட்சிக்காரர்கள் வெடி எல்லாவற்றுக்கும் நாம் பொறுப்பில்லை. நம் வளாகத்துக்குள் மட்டுமாவது இதைக் கடைப்பிடிக்கலாம்.

எங்கள் பக்கத்தில் நாங்கள் செய்வது: காலையும் ராத்திரியும் ஒரே நேரத்தில் வெளியே கூட்டிப் போகிறோம், விளையாட்டு நேரத்தில் கீழே இறக்குவதில்லை. லிஃப்டை உபயோகிக்க உரிமை இருந்தாலும் படியில்தான் போகிறோம், அதற்கும் லிஃப்ட் என்றால் நடுக்கம். அசுத்தம் செய்தால் அள்ள கையில் காகிதமும் பையும் இருக்கும். உண்ணிக்கு மாதாந்திர மருந்து உண்டு. வீட்டில் ஆள் இல்லாத நேரம் இருக்கக் கூடாது என்று நானும் அம்மாவும் நேரத்தை மாற்றி வைத்திருக்கிறோம். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தனியே விட்டுப் பழக்குவோம், தனிமையில் ஊளையிட்டால் உங்களுக்குத்தான் சிரமம். செவலையால் யாருக்காவது காயம் ஏற்பட்டால் வைத்தியச் செலவு முழுவதும் என்னுடையது. இதை ஸ்டாம்ப் பேப்பரில் எழுதிக் கொடுக்கச் சொன்னாலும் கொடுக்கிறேன்.

மூன்று மாதம் கழித்து பொதுக்குழு உறுப்பினர்கள் இரண்டு பேர் வந்து பாருங்கள். ராத்திரிக் குரைப்பு தொடர்கிறதா, பெரியவரைப் பார்த்தால் என்ன செய்கிறது, ஊசி அட்டையில் தேதிகள் சரியா என்று பாருங்கள். அப்போதும் குறை இருந்தால், நாய்களின் நடத்தை தெரிந்த கால்நடை மருத்துவர் ஒருவரை என் செலவில் வரவழைத்து, அவர் சொல்கிறபடி செய்கிறேன். அந்தக் கூட்டத்தில் உங்கள் கேள்வி எதுவானாலும் நின்று பதில் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு நான் மட்டும் வருவேன். ஊசி அட்டையையும், கருத்தடைச் சான்றையும், வாரியத்தின் வழிகாட்டுதலைப் பிரதி எடுத்தும் கொண்டுவருகிறேன். செவலையைக் கூட்டிவர மாட்டேன், அத்தனை பேர் ஒரே இடத்தில் கூடியிருப்பது இப்போது அதற்கு ஆகாது. தலைவர் ஐயா, அன்று நிகழ்ச்சி நிரலில் அந்தத் தீர்மானத்தை ஒத்திவைக்கும் என் கோரிக்கையை முதலில் எடுத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
முதல் மாடியில் குடியிருக்கும் உங்கள் பக்கத்து வீட்டார்,
மதுரை